என்னோடு அஞ்சாங்கிளாஸ் படித்த சுடலைமுத்து

இன்று சேரன்மகாதேவி பஸ்ஸில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

என் பேத்தி ஜில்லா ஆபீசில், சர்க்கார் ஊழியர்களின் விவரங்களைப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். அந்தப் பெருமையைப் பக்கத்து சீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது பியூன் சுடலைமுத்து ஏறினார். கூடவே அவருடைய ஆபீஸ் கிளார்க்கும்.

"இவுகளும் நானும் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஒண்ணாப் படிச்சோம். நான்தான் முதல் மார்க்கு. இவுக பேரையும் என் பேத்திதான் ஏத்தியிருக்கா" என்றேன்.

கிளார்க் சிரித்தார். "ஆச்சி, உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்திரெண்டு."

"அப்ப அண்ணாச்சி இன்னும் எப்படி வேலைக்கு வாராவ? பியூனுன்னாலும் அறுபதுலயே வீட்டுக்கு அனுப்பிருவாவளே."

சுடலைமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். கடைசி மகளை இன்னும் கட்டிக்கொடுக்காதவர். ஊருக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தார்.

வீட்டில் பேத்தியிடம் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துல குறைச்சுக் கொடுத்த வயசுதான் ஆச்சி கம்ப்யூட்டருக்குத் தெரியும். நீ எதுக்கு நெசத்தைச் சொன்ன?" என்றாள்.

ராத்திரி விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்: ஐந்து வகுப்பு, ஐந்து வயது.

ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தவள் நான் என்று நாளை அந்தக் கிளார்க்கிடம் சொல்லப்போகிறேன். உங்களிடம் கேட்டால், நீங்களும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.