இரண்டு ஜோடி பூட்ஸ்

புதுத் தோலும் கிரீஸும் கலந்த ஒரு நெடி, நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் முழுக்க தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அது அப்பாவின் 'சேஃப்டி பூட்ஸ்' வாசனை. முனையில் இரும்பு வைத்த அந்தக் கறுப்பு பூட்ஸ் ஒன்றுக்குள் என் இரண்டு கால்களையும் விட்டாலும் இடம் மிச்சமிருக்கும். தூக்கி நடக்கத்தான் முடியாது. பக்கத்து வீட்டு ஆறுமுகம் சித்தப்பாவுக்கும் அதே மாதிரி ஒரு ஜோடி. சொந்தமில்லை, அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் சித்தப்பா. காலையில் இருவரும் 'டக் டக்' என்று கிளம்பினால், "போலீஸ்காரனுங்க கிளம்பிட்டாங்கடி" என்று அம்மா எனக்குக் கண்ணடிப்பாள்.

சிரிப்பெல்லாம் மேலோட்டம்தான். மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கத்திலிருந்த எங்கள் கித்தாத் தோட்டத்தை, அதாவது ரப்பர் தோட்டத்தை, முதலாளிகள் விற்றுவிட்டார்கள். பால் மரங்களைச் சாய்த்து, அங்கே ஒரு தொழில் கல்லூரியும் கடைவரிசையும் வரப்போவதாகப் பேச்சு. வருடக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். கல்லூரியின் முதல் பட்டறையைப் பழைய ரப்பர் ஆலைக்குள்ளேயே தொடங்கி, தோட்டத்து ஆட்களுக்கு இலவசமாக வெல்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசிச் சோதனையில் தேறினால் குருண் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, குடியிருக்கக் கம்பெனி வீடு. தேறாவிட்டால் சட்டி பானையோடு எங்கே போவது என்று எங்களுக்குத் தெரியாது.

அப்பாவும் சித்தப்பாவும் அதே ஆலையில்தான் காலமெல்லாம் ரப்பர் பிழியும் மெஷின் ஓட்டினார்கள். மெஷின் பக்கம் செருப்போடு யாரும் போகமாட்டார்கள். "சோறு போடுற மெஷினு லா, செருப்போட போனா வெளங்குமா?" என்பார் அப்பா. வகுப்பில் வாத்தியார் கத்துவாரே என்று மனசில்லாமல்தான் பூட்ஸ் போட்டுப் பழகினார்கள். சோதனை நாளன்று நெற்றி நிறைய விபூதியோடு போன அப்பா, நல்ல நாளும் அதுவுமாக என்று பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்து, வெல்டிங் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே வேலையில் இறங்கப் பார்த்தார். அதைப் பார்த்துச் சித்தப்பாவும் கழற்றினார். சோதிக்க வெளியூரிலிருந்து வந்திருந்த சீன அம்மையார் அந்த வெறுங்கால்களைப் பார்த்ததும் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

அன்று எங்கள் வீட்டில் சோறு வடித்தது வடித்தபடி இருந்தது. மறுநாளும் சோதனை உண்டு, போய்க் கேளுங்கள் என்று அம்மா மன்றாடினாள். அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. 'தொரை' ஆபீசுக்குப் போனால் குமாஸ்தாவான 'கிராணி' கூப்பிடும்வரை மரத்தடியில் நிற்பார்கள். கூப்பிடாவிட்டால் வீடு திரும்புவார்கள். அப்படியே வளர்ந்தவர்கள் அவர்கள்.

"கேட்டா என்ன, அடிச்சா தொரத்திருவாங்க?" என்ற அம்மா, தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று காலையில் என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டாள். சித்தப்பாவைக் கூப்பிட்டோம். அவர் தலையைச் சொறிந்தார்.

"நீங்க போங்கண்ணே. வேணும்னா அவங்களே ஆள் அனுப்புவாங்க லா."

அந்த அம்மையாரின் அறைக்குள் அப்பா பூட்ஸோடு நுழைந்தார். "மிந்தா மாஃப், புவான்" என்று மன்னிப்புக் கேட்டு, மெஷினுக்கு மரியாதை செய்யத்தான் கழற்றினேன், இன்னொரு தடவை விடுங்கள் என்று மலாயிலேயே சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அம்மையார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். நெருப்புப் பொறி விழுந்தால் காலுக்குத்தான் கேடு என்று கடிந்துகொண்டு, எல்லோரும் முடித்த பிறகு வரச் சொன்னார். தம்பி ஒருவன் வீட்டில் இருக்கிறான் என்று அப்பா இழுத்தார். அவரும் வந்து கேட்கட்டும் என்றார் அம்மையார். அப்பா என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். சித்தப்பா வர மறுத்துவிட்டார்; அப்பா போனபடியே தனியாகத்தான் வந்தார்.

அன்று மத்தியானம் அப்பா தேறினார். நாங்கள் குருணுக்குச் சாமான் ஏற்றிய அதே வாரம், சித்தப்பா குடும்பம் சுங்கைப் பட்டாணியில் யாரோ உறவுக்காரர் வீட்டுப் பின்கட்டுக்குப் போனது. கிடைத்த வேலையெல்லாம் செய்தார் என்று கேள்வி. அவர் பேச்சை எடுத்தால் அப்பா இன்றும் எழுந்து போய்விடுவார்.

இப்போது அங்கே கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. ஆலை நின்ற இடத்தில் மாடிக் கட்டடங்கள், லயம் இருந்த இடத்தில் மாணவர் விடுதி, எதிரே துணி வெளுக்கும் கடையும் நாசி கண்டார் சோற்றுக்கடையும். என் மகள் அங்கேதான் படிக்கிறாள். மதிப்பெண் குறைந்தால் விரிவுரையாளர் அறையில் போய் உட்கார்ந்து காரணம் கேட்டுவிட்டு வருகிறாள். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. அந்தக் கல்லூரி வாசலில் காவலுக்கு நிற்பவர் ஆறுமுகம் சித்தப்பா.

காவலாட்களுக்கும் துப்புரவு ஆட்களுக்கும் கல்லூரியிலேயே ஒரு குறுகியகாலப் பயிற்சி தொடங்குகிறார்கள் என்று போன வாரம் மகள் சொன்னாள். காரை ஓரங்கட்டி அவரிடம் சொன்னேன். வயசாயிருச்சும்மா என்று சிரித்து மழுப்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டடங்கள் பக்கம் திரும்பினார்.

"எந்த ரூம்ல போயி கேக்கணும்மா?"