ஏழாவது பந்தும் ஒரு ஜாண் உயரமும்

மோகனப்பிரியாவுக்கு முப்பத்தாறு வயது, ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. அவளும் சாங்கி விமான நிலையக் கார்கோவில் சரக்கு ஏற்றி இறக்கும் திலீப்பும் மூன்று வருடமாக எதிரெதிரே நின்று ஆறு பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடித்து வந்தார்கள். இந்தப் பொங்கலுக்கு லிட்டில் இந்தியா மேடையில் ஏழு பந்து என்று முடிவாயிற்று. அவள் அதுவரை மேடையேறியதே இல்லை. அம்மா கமலாவில் தொடங்கி கடை முதலாளி வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

ஏழு பந்தில் ஒருவர் கையில் நாலு, மற்றவர் கையில் மூன்று. நாலு வைத்திருப்பவர்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அந்தக் கஷ்டமான வேலை வழக்கம்போல இவள் தலையில்தான் விழுந்தது. எறிகிற பந்து எதிரில் நிற்பவரின் இடது தோளுக்கு நேராகப் போக வேண்டும். சொல்வதற்கு எளிது.

பூன் லேயில் அவளுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழே, பந்து விளையாடக் கூடாது என்ற பலகைக்கு முன்னாலேயே ஞாயிறுதோறும் பழகினார்கள். கடைசி இரண்டு வாரமாகத் திலீப்பின் பந்துகள் அவள் தோளுக்கு ஒரு ஜாண் மேலே வந்தன.

"நீ முன்னாடி வந்துடறே, பிரியா," என்றான்.

அவளும் நம்பினாள். பின்னால் தள்ளி நின்று பார்த்தாள், குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தாள். கெண்டைக்கால் வலித்ததுதான் மிச்சம். தப்பு தன்னுடையது என்று நம்புவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த ஞாயிறு ஒரு பந்து இடது காதோரமாகப் பறந்து பின்னாலிருந்த தூணில் மோதியபோதுதான் அவளுக்கு உறைத்தது. பந்துகள் தாறுமாறாக வரவில்லை. அத்தனையும் ஒரே உயரத்தில், ஒரே இடத்துக்கு வந்தன. கை தவறினால் இவ்வளவு ஒழுங்கு இருக்காது. இது வேறு யாருடைய தோளுக்கோ பழகிய கை.

"யாருகூட பிராக்டிஸ் பண்றே?"

திலீப் பந்தைப் பொறுக்கக் குனிந்தான். நிமிர நேரமானது.

"அதீஃப். எங்க கார்கோ ஆளு, ஆறடி. ரெண்டு ஆம்பளைங்க நின்னா ஸ்டேஜ்ல எடுப்பா இருக்கும்னு ஆர்கனைசர் சொன்னாங்க லா. ஒரு மாசமாச்சு. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தே?"

"ஞாயித்துக்கிழமை அவனுக்கு ஷிஃப்ட். எனக்கு டச் விட்டுடக் கூடாதுல்ல." கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் தொடர்ந்தான். "நாலு பந்துல ஸ்டார்ட் பண்றதுதான் அவனுக்கு வர மாட்டேங்குது. நீ ஒரு நாள் வந்து சொல்லித் தந்தா போதும்."

 மூன்று வருடம் எதிரில் நின்ற முகத்தை அவள் ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"ரெண்டு வாரமா குதிகால தூக்கிக்கிட்டு நான் அவனாத்தான் நின்னிருக்கேன், திலீப்," என்றாள். "இனிமே அவனே நிக்கட்டும்."

நாலு பந்தையும் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள். கதவு மூடுகிறவரை அவன் பிரியா, பிரியா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மேலே போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.