மடுவுக்குப் பதிலாக ஒரு கிரேக்கத் தீவு

தமிழில் ‘நடக்கப் போறன்’ என்று சொன்னால் யாரும் அதை ஒரு திட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. பஸ் தவறிவிட்டதா, டொக்டர் ஏதும் சொன்னாரா என்றுதான் கேட்பார்கள். ஜெர்மன்காரர் இதற்கென்றே ‘வாண்டர்ன்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அவசரம் இல்லாமல், போய்ச் சேர்ந்தே ஆகவேண்டிய இடமும் இல்லாமல், முதுகில் ஒரு பையோடு காடு மேடென்று நாள் முழுக்க நடப்பது. ஜெர்மனியின் ஆஹென் நகருக்குப் படிக்கப் போன முதல் வருடமே எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாணவர் விடுதியில் என் பக்கத்து அறைத் தோழி ஒரு ஜெர்மன்காரி. முதல் ஞாயிறு அவள் என்னை ஐஃபல் மலைக்கு இழுத்துப் போனாள். இரண்டாம் ஞாயிற்றிலிருந்து நான் அவளை இழுத்துப் போனேன்.

2007 செப்டெம்பரில் தீனோஸ் என்ற கிரேக்கத் தீவுக்குப் போவதென்று இருவரும் முடிவெடுத்தோம். நூலகத்தில் கிடைத்த வழிகாட்டிப் புத்தகத்தை நான் பரீட்சைப் பாடத்தைவிடக் கவனமாகப் படித்தேன். ஊருக்கு ஊர் கல் பாவிய பழைய கழுதைப் பாதைகள், காட்டுக் கற்களை அடுக்கிய மதில்கள், சரிகை போலக் கட்டிய புறாக்கூடுகள், திரும்பும் இடமெல்லாம் தெரியும் கடல். டோர்ட்மண்டில் இருக்கும் அம்மாவுக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னேன்: “அம்மா, செப்டெம்பரில கிறீஸுக்கு நடக்கப் போறன்.”

அம்மா அதை அப்படியே ஞாயிறு பூசை முடிந்தபின் கோயில் வாசலில் சொல்லியிருக்கிறார். வினை அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் இலங்கையின் மன்னார்க் கத்தோலிக்கர். எங்கள் சனத்துக்கு ‘நடக்கிறது’ என்றால் ஒன்றே ஒன்றுதான். நேர்த்திக்கடன் வைத்து, மடு மாதாவின் கோயிலுக்குக் கால்நடையாகப் போவது. சும்மா நடப்பதற்காக ஒருத்தி பிளேன் ஏறுவாள் என்பதை நம்ப அங்கே ஆளில்லை. எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். தீனோஸ் என்று அம்மா சொல்ல, பாடகர் குழுவிலிருந்த ஒரு அண்ணை அன்று பின்னேரமே இன்டர்நெட்டில் தேடியிருக்கிறார். அந்தத் தீவில் பெரிய மாதா கோயில் இருக்கிறதாம், துறைமுகத்திலிருந்து சனம் முழங்காலில் நகர்ந்து போகுமாம். விடயம் முடிந்தது. அடுத்த கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது மேசையில் ஒரு கட்டு மெழுகுதிரி இருந்தது.

“அம்மா, இதென்ன?”

“கொளுத்தச் சொல்லித் தந்து விட்டவை. நீ நேர்த்திக்குப் போறாயாம்.”

“நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களோ?”

“நான் ஏன் பொய் சொல்லுறன்? நடக்கப் போறாள் எண்டுதான் சொன்னனான். விளங்கினது அவையின்ர பாடு.”

“அப்ப திருத்திச் சொல்லுங்கோவன்.”

“ஏன் திருத்துவான்? உன்னைப் பற்றி இந்தச் சனம் இவ்வளவு நல்லாக் கதைச்சு நான் கேட்டதே இல்லை.”

பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது என் தோழி சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். டிக்கெட் எடுத்தாயிற்று. நான் தனியாகப் போகிறேன் என்றேன். “ஏலாது” என்றார் அம்மா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அப்போதுதான் கீழ்வீட்டு அக்கா ஒரு தட்டில் றோல்ஸோடு மேலே ஏறி வந்தார். வயதுக்கு நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். அக்கா என்றால்தான் காது கேட்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை. உரத்த சிரிப்பு, அதைவிட உரத்த குரல். அன்று குரல் தணிந்திருந்தது.

“பிள்ளை, உன்னோட நான் வரட்டே?”

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

அக்கா சொன்ன கதை இதுதான். பதினேழு வருடத்துக்கு முன், அவருடைய மகள் குறை மாதத்தில், ஒரு கையில் அடங்கும் அளவில் பிறந்தாளாம். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள். மொழி தெரியாத ஊர். அந்தப் பெட்டியின் முன் நின்று, பிள்ளை பிழைத்தால் மன்னாரிலிருந்து மடுவுக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்திருக்கிறார். பிள்ளை பிழைத்தது. ஊரில் சண்டை நின்றிருந்த வருடங்களில் அக்காவிடம் இலங்கைக்குப் போகக்கூடிய பாஸ்போர்ட் இல்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது சண்டை திரும்பத் தொடங்கி, மடுவுக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது.

“அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எனக்கு நெஞ்சு பதறுது. தந்ததை மாதா திருப்பி எடுக்கப்போறாவோ எண்டு. இனி மடு எப்ப, ஆர் கண்டது? மாதா எங்கயும் மாதாதானே. அந்தளவு தூரத்தை அங்க நடந்தால் ஏற்றுக்கொள்ளமாட்டாவே?”

என்னிடம் வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. நான் ஓடிப்போய் அதையும் ஒரு நூலையும் எடுத்து வந்தேன். அதிலிருந்த வரைபடத்தில் தீவின் பாதைகளின் மேல் நூலை வளைத்து வளைத்து வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் மெதுவாக நடந்தால், மன்னாரிலிருந்து மடுவுக்கு உள்ள தூரம் தாராளமாக வரும். கடைசியில் துறைமுகத்து மாதா கோயில்.

“தாராளமா வேண்டாம்,” என்றார் அக்கா. “சரியா வந்தால் காணும், அது போதும்.”

அம்மா சம்மதித்தார். சம்மதித்தது எனக்காக இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பயிற்சிக்கு அக்காவை ஹெங்ஸ்டை ஏரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கையிலும் பனிச்சறுக்குக்காரர் போலத் தடி ஊன்றி விறுவிறுவென்று வந்த ஒரு ஜெர்மன் சோடியை வழிமறித்து, “ஸ்னோ எங்கே?” என்று ஜெர்மனில் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு ஏரிக்கரை வாங்கில் நால்வருமாக உட்கார்ந்து அக்காவின் இடியப்பத்தைச் சாப்பிட்டோம். நடந்தது கொஞ்சம்தான். வீட்டுக்கு வரும்போது அக்காவுக்கு நண்பர்கள் இரண்டு பேர் கூடியிருந்தார்கள்.

தீவில் முதல் காலை, பாதை தொடங்கும் இடத்தில் அக்கா உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார்.

“அக்கா, என்ன செய்யிறியள்?”

“நேர்த்தி நடை, பிள்ளை. வெறுங்காலோட போறதுதான் முறை.”

“வெறுங்கால் எண்டு சொல்லியோ நேர்ந்தனீங்கள்?”

ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி அவர் யோசித்தார். “அந்த நேரம் நான் என்ன சொன்னன் எண்டு ஆருக்குத் தெரியும்? பக்கத்தில ஒரு நேர்ஸ் கையைப் பிடிச்சுக்கொண்டு ஜெர்மனில என்னவோ சொல்லுறாள். நடந்து வாறன் எண்டது மட்டும்தான் ஞாபகம்.”

“அப்ப சப்பாத்தைப் பற்றிப் பேச்சே வரேல்லை.”

“வரேல்லைத்தானே?” எழுந்து இரண்டு அடி வைத்தார். கல்லுக்கிடையில் இருந்த முள் பாய்ந்தது. உடனே உட்கார்ந்துவிட்டார். “நான் நேர்ந்தது ஜெர்மனியில. நல்ல குளிர் காலம். சப்பாத்தோட எண்டுதான் மாதாவும் நினைச்சிருப்பா.”

சப்பாத்தைத் திரும்பப் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டினார்.

எத்தனையோ பாதைகளில் பிறகு நடந்திருக்கிறேன், அந்த மூன்று நாளைப் போல ஒன்று அமையவில்லை. இரண்டு பக்கமும் தோளளவு கல்மதில், நடுவில் பளிங்கு கலந்த கற்படிகள். காலில் மிதிபட்ட செடியெல்லாம் கறிச்சட்டிக்குள் போட வேண்டிய வாசம் வீசியது. மலை வளைவில் சாமான் சுமந்து நின்ற ஒரு கழுதையைக் கண்டதும் அக்கா கத்தியே விட்டார். “எடி, இது எங்கட மன்னார்க் கழுதை! இங்க எப்பிடி வந்தது?” அதன் காதைச் சொறிந்து தமிழில் நலம் விசாரித்தார். கழுதையும் அக்கறையாகக் கேட்டது.

எனக்குப் பறக்க வேண்டும். அக்காவுக்கோ வழியில் வந்த ஒவ்வொரு சின்ன வெள்ளைக் கோயிலிலும் நிற்க வேண்டும். அந்தத் தீவில் கோயில் இல்லாத வளைவே இல்லை. கதவைத் தள்ளினால் திறக்கும். உள்ளே மெழுகுதிரி வாசம், கறுத்துப்போன மாதா படம்.

“இது எங்கட மாதாவோ, அவையின்ர மாதாவோ?” என்று முதல் கோயிலில் கேட்டார்.

“இது ஓர்த்தடொக்ஸ், அக்கா.”

“பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிறாதானே? அப்ப விளங்கும்.” டோர்ட்மண்டிலிருந்து கொண்டு வந்த மெழுகுதிரிக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொளுத்தினார்.

மூன்றாம் நாள் இறக்கத்தில் அவருடைய முழங்கால் வீங்கியது. முதலில் மறைத்தார். பிறகு மறைக்க முடியவில்லை. துறைமுகம் கீழே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. பாதையோ மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. பின்னேரக் கப்பலைப் பிடித்தால்தான் அடுத்த நாள் பிளேன். திங்கட்கிழமை அக்கா வேலையில் நிற்க வேண்டும். அந்த லீவையே அவர் மன்றாடித்தான் வாங்கியிருந்தார்.

பாதை தார் ரோட்டைத் தொட்ட இடத்தில், ஆட்டு மணம் வீசும் ஒரு பிக்கப் எங்களருகே நின்றது. உள்ளே ஒரு வயதான கணவன் மனைவி. அக்காவின் காலைப் பார்த்துவிட்டு, ஏறச் சொல்லிக் கைகாட்டினார்கள்.

அக்கா ஏறவில்லை.

“ஏறுங்கோ அக்கா. காலைப் பாருங்கோ.”

“நடந்து வாறன் எண்டனான், பிள்ளை. வாகனத்தில வாறன் எண்டு சொல்லேல்லை.”

எனக்கு மூளை வேகமாக ஓடியது. “மடு மாதாவே சுரூபமா ஊர் ஊரா வாகனத்தில ஊர்வலம் போனவதானே?”

“அவ ஆருக்கும் நேர்த்தி வைக்கேல்லை.”

பிக்கப்பிலிருந்த மூதாட்டி இறங்கி வந்து, அக்காவின் பையைக் கழற்றிப் பின்னால் வைத்தார். கப்பலின் ஊதல் கீழிருந்து கேட்டது. அக்கா என் தோளைப் பிடித்து ஏறினார். வழியெல்லாம் கடந்துபோகும் மதில்களையும் மரங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். தூரத்தைக் கண்ணால் அளக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

துறைமுகத்து மாதா கோயிலில் ஒரு மெழுகுதிரி மட்டும் கொளுத்தினார். வெளியே வந்து, “சொல்லிப்போட்டன்,” என்றார்.

“என்னத்தை?”

“மிச்சத்தை அங்க போய் நடக்கிறன் எண்டு.”

பகிடி என்று நினைத்தேன். கப்பலில் காலை நீட்டிக் கட்டுப்போட்டு, இரவு முழுக்க ஐஸ் வைத்து, பிளேனிலும் நித்திரை கொண்டார். ட்யூசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் வரும்போது வீக்கம் வடிந்திருந்தது. டோர்ட்மண்ட் பல்கலைக்கழக நிறுத்தத்தில் ரயில் நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

“அக்கா, எங்கட ஸ்டேஷன் இது இல்லை!”

“தெரியும். அந்த ஆட்டு வாகனம் எங்களைக் கொண்டுபோன தூரம் இங்கயிருந்து வீட்டுக்கு வரும். வருமோ வராதோ? நூல் வைச்சுப் பார்த்த ஆள் நீதானே, சொல்லு.”

வரும் போலத்தான் இருந்தது. நடந்தோம். ஞாயிறு பின்னேரம், சாம்பல் நிற வானம், பூட்டிய கடைகள், கார்க் கண்ணாடி துடைக்கும் மனிதர்கள். கடலும் இல்லை, புறாக்கூடும் இல்லை. நான் அம்மாவுக்கு டெலிபோன் எடுத்துச் சொல்ல, அம்மா கீழ்வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். பாதி வழியில், காதில் பாட்டுக் கேட்கும் வயரோடு அக்காவின் மகள் எதிரே வந்தாள். பல் டொக்டரிடம் தொழில் பழகுகிற பெண், தாயைவிட ஒரு தலை உயரம்.

“பஸ் இருக்குத்தானே அம்மா? எல்லாரும் பார்க்கினம்.”

“பார்க்கட்டும். உனக்காகத்தான் நடக்கிறன்.”

“அந்தக் கண்ணாடிப் பெட்டிக் கதையோ? எனக்குத் தெரியும்.” சொல்லிக்கொண்டே தாயின் பையை வாங்கித் தோளில் போட்டாள். வயரைக் காதிலிருந்து கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தாள். அதன்பின் மூவருமாக நடந்தோம். அவள் வேகமாக நடப்பாள், நிற்பாள், திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டு வாசலில் அக்கா என் முகத்தைப் பார்த்தார். “காணுமோ?”

“காணும், அக்கா.”

“இழுத்துச் சொல்லுறாய். சந்தேகம் இருக்கு உனக்கு.”

வாசலைத் தாண்டி நடக்கத் தொடங்கினார். கட்டடத் தொகுதியை ஒரு முறை சுற்றி வந்தோம். மேல் மாடியிலிருந்து அம்மா, சோறு ஆறுகிறது என்று கத்தினார். அக்கா நிற்கவில்லை. கொஞ்சம் நொண்டினார். இரண்டாம் சுற்றில் மகள் தாயின் கையைக் கோர்த்துக்கொண்டாள். திரும்ப வாசலுக்கு வந்தபோது அக்கா மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் தாயை இழுத்து நிறுத்தினாள்.

“அவவை ஏன் கேட்கிறியள்? என்னைக் கேளுங்கோ. காணும் அம்மா. எனக்குக் காணும்.”

அக்கா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த வாசற்படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.