தீபாவளித் தாளில் பன்னிரண்டு மோட்டார்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் திருடனாகிவிட்டேன். பத்தே முக்காலுக்கு மறுபடியும் யோக்கியன். நடுவில் நாற்பத்தைந்து நிமிடம்... அப்பப்பா!

விஷயத்துக்கு வருகிறேன். சிவகாசியில் எனக்கு ஒரு சின்னக் காலண்டர் பிரஸ். கூடவே எங்கள் பள்ளிவாசல் டிரஸ்ட்டுக்குப் பொருளாளர் வேலை — சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தவறாமல் வரும். மலேசியாவில் இருக்கும் ஒரு முஸ்லிம் உதவி அமைப்பு எங்களுக்குப் பணம் அனுப்புகிறது. பட்டாசு விபத்தில் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாத பெண்களுக்குத் தையல் மெஷின். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. இது அவர்களுடைய முதல் நிபந்தனை. இரண்டாவதுதான் வினோதமானது: கணக்கைத் தங்களுக்கு அனுப்பினால் மட்டும் போதாதாம். உதவி வாங்கியவர்கள் கண்ணில் படுகிற இடத்திலும் போட வேண்டுமாம்.

கண்ணில் படுகிற இடமா? சிவகாசிக்காரனிடமா கேட்கிறீர்கள்?

சீசனில் மிஞ்சிய பேப்பரில் மாதக் காலண்டர் முந்நூறு அடித்து, உதவி வாங்கியவர்களுக்கும் ஊருக்கும் கொடுத்தேன். மேலே பூப்படம், நடுவில் தேதி, அடியில் போன வருடம் அதே மாதத்து வரவு செலவு. ஆடிட்டர் ரிப்போர்ட்டை எவர் படிக்கிறார்? காலண்டர் என்றால் தினமும் பார்த்தே ஆக வேண்டுமே! எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. நாரணாபுரம் செல்லத்தாய். ஆலை விபத்தில் வலது கால் வெந்துபோனவர். மெஷின் வாங்கிய பன்னிரண்டு பேரில் ஒருவர்.

"பாய், காலண்டர் வந்துச்சு. நாங்க மொதல்ல தீபாவளி என்னைக்குன்னுதான பாப்போம்? அந்த அக்டோபர் தாளப் பெரட்டுனேன்."

"நல்லாருக்காம்மா?" பாராட்டை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கீழ 'மெஷின் பன்னிரண்டு, மோட்டார் பன்னிரண்டு'ன்னு போட்டிருக்கீக. எனக்கு மெஷின் மட்டுந்தான வந்துச்சு? மோட்டார் எங்க பாய்?"

"மத்தவுகளுக்கு?"

"விசாரிச்சிட்டேன். ஒருத்தருக்கும் வரல."

"மூணு மாசமா ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"சும்மா தாரவுக கிட்டப் போயி, இன்னுங் கொஞ்சம் தாங்கன்னா கேக்க முடியும்? மோட்டார்னு ஒண்ணு உண்டுங்கறதே இப்பத்தான தெரியுது. இடது கால வச்சே மிதிச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

பைலைப் புரட்டினேன். பில் இருக்கிறது. பணம் போயிருக்கிறது. 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் இருக்கிறது. யாருடையது? என்னுடையது! சுழித்து, அடியில் கோடு இழுத்து, போலி என்று யாருமே சொல்ல முடியாத கையெழுத்து.

மலேசியாக்காரர்கள் பணத்தை நிறுத்திவிட்டால்? அடுத்த மெஷினுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் பெண்கள்? நான் என்ன செய்தேன் தெரியுமா? தலைமறைவுக்குத் திட்டம் போட்டேன். காரியாபட்டியில் மாமியார் வீடு — அங்கே என்னை யாரும் தேட மாட்டார்கள், நானே விரும்பிப் போகாத இடம். அதற்கு முன்னால் முந்நூறு காலண்டரையும் 'அச்சுப்பிழை' என்று சொல்லித் திரும்ப வாங்கிவிட வேண்டும்...

என் மனைவி ஜுலைகா பீரோவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஏங்க, திருடுனவுக அதை முந்நூறு காப்பி அடிச்சு ஊருக்கா குடுப்பாக? சட்டைய மடிக்கிறத விட்டுட்டு, அன்னைக்கு லோடு எங்கன எறக்குனீகன்னு மொதல்ல யோசிங்க."

லோடு!

அக்டோபர். ஆர்டர் குவிந்து குடோனில் கால் வைக்க இடமில்லாத நேரம். மெஷின்களை அப்படியே வேனில் ஏற்றி அந்தப் பெண்களுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு வண்டி வந்தது. டிரைவர் சீட்டை நீட்டினார். அதையும் பேப்பர் லோடு என்று நினைத்து, போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

ஓடினேன். குடோன் மூலையில், ஒரு கம்பெனி ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன டைரிக் கட்டுகள். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். தும்மல், இடுப்பு வலி, மறுபடி தும்மல். அடியில்... நசுங்கிப்போன ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே முத்து முத்தாகப் பன்னிரண்டு மோட்டார்! நான் போட்ட கூச்சலில் பிரஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த மெஷினையே நிறுத்திவிட்டார்கள்.

மெக்கானிக்கை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் நாரணாபுரம். செல்லத்தாயின் மெஷினில் மோட்டாரை மாட்டி, வயரை இழுத்து... அவர் இடது கால் விரலால் லேசாகத் தொட்டார். சர்ர்ர்ரென்று ஓடியது பாருங்கள்! பயந்து காலை எடுத்துவிட்டு, சிரித்து, மறுபடி தொட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு பழைய லுங்கிக்கு நான்கு ஓரமும் தையல்.

அந்தச் சந்தோஷத்திலும் என் புத்தி என்னை விடவில்லை. மெதுவாகச் சொன்னேன்: "நடந்தது நமக்குள்ளயே இருக்கட்டும்மா. மலேசியா வரைக்கும் போக வேணாம்."

"ஏன் பாய்? எம்புட்டுன்னு போடத் தெரிஞ்ச ஒங்களுக்கு, எப்பக் குடுத்தீகன்னு போடத் தெரியாதா? நான் மூணு மாசம் ஒத்தக் கால்ல மிதிச்சதும் கணக்குத்தான?"

கணக்கு என்றால் பணம் கொடுத்தவருக்குக் காட்டுவது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது — பில், கையெழுத்து, ஆடிட்டர் முத்திரை. வாங்கியவர் பார்த்த பிறகல்லவா மோட்டார் வெளியே வந்தது?

மற்ற பதினொரு மோட்டாரையும் மாட்டிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே மலேசியாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "இதையும் காலண்டரில் போடுங்கள்."

மறுநாளே முந்நூறு ஸ்டிக்கர் அடித்துத் தீபாவளித் தாளில் ஒட்டக் கொடுத்தனுப்பினேன்: 'மோட்டார்கள் மூன்று மாதம் தாமதம். காரணம்: பொருளாளர்.'

ஜுலைகா எங்கள் வீட்டுக் காலண்டரில் அந்தத் தாள் மட்டுமே தெரியும்படி கிளிப் போட்டுவிட்டாள். ஊரில் எல்லோருக்கும் மாதம் மாறும். எங்கள் வீட்டில் மட்டும் இந்த வருடம் முழுக்கத் தீபாவளிதான்!