பதினான்காம் அறையின் மணி

2020 ஏப்ரலில், தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்த லாட்ஜில் அறைகள் இருபத்திரண்டு, ஆள் ஒருவர். பெயர் வன்னியராஜ், வயது ஐம்பத்தொன்று, வேலை ரிசப்ஷன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஊரடங்கு அறிவித்ததும் முதலாளி மற்ற பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பினார். சாவிக்கொத்தை இவரிடம் கொடுத்துவிட்டு, ஆற்றிங்கலில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். தினமும் காலையில் போன் செய்து, கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று மட்டும் கேட்பார்.

ரிசப்ஷன் மேசைக்குப் பின்சுவரில் ஒரு பழைய மரப்பலகை உண்டு. அதில் ஒவ்வோர் அறை எண்ணுக்கும் ஒரு சின்ன பல்பு. அறையில் இருப்பவர் சுவிட்சை அழுத்தினால் இங்கே அந்த எண் எரியும், கிர் என்று மணி அடிக்கும். ஊரடங்கு தொடங்கிப் பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் நான்கு மணிவாக்கில் மணி அடித்தது. பதினான்கு எரிந்தது.

வன்னியராஜ் மாடிக்குப் போய்ப் பூட்டைத் திறந்து பார்த்தார். மடித்த மெத்தை, மூடிய ஜன்னல். இறங்கி வந்தபோது பல்பு அணைந்திருந்தது. இரண்டு நாள் கழித்து, அதே நேரம், திரும்பவும் அடித்தது. இந்த முறை அவர் மேலே போகவில்லை.

அந்த அறையில் கடைசியாக இருந்தவர்கள் அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக் கணவன் மனைவி. ஆஸ்பத்திரிக்காக வந்தவர்கள். தினமும் நான்கு மணிக்கு அந்த அம்மா மணியடிப்பார். ஃப்ளாஸ்க்கில் சுடுதண்ணீர் வேண்டும். ஊரடங்குக்கு முந்தின நாள் கிடைத்த பேருந்தில் ஏறிப் போனார்கள். வன்னியராஜ் அவர்கள் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இருந்து பார்க்கலாம் என்று ஒருநாள் கை வைத்தார். அணைத்த பிறகும் கேட்டால்? கையை எடுத்துவிட்டார்.

ஊரிலிருந்த மனைவி உலகம்மாளிடம் சொன்னதில் தலைவலிதான் கூடியது. பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வாருங்கள் என்றார். கோவிலே பூட்டிக் கிடக்கிறது என்றார் இவர். அதற்குப் பிறகு உலகம்மாள் மணிக்கொரு தரம் அழைத்து, அடித்ததா, அடித்ததா என்று கேட்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள், நின்றுவிட்டது என்று வன்னியராஜ் பொய் சொன்னார். முதலாளியிடம் சொல்ல முடியாது. காலி அறையிலிருந்து மணி கேட்கிறது என்பவன் கையில் இருபத்திரண்டு அறைச் சாவியை எந்த முதலாளி விட்டுவைப்பார்?

சமூக அடுக்களையிலிருந்து இலையில் கட்டிய பொதிச்சோறு கொண்டுவரும் தொண்டர்தான் வழி காட்டினார். மனசு பாரமாக இருப்பவர்களுக்காக ஒரு தன்னார்வ அமைப்பு வீடியோவில் கூட்டம் நடத்துகிறது, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தமிழ்க்குழு என்று சொல்லி, போனில் அதற்கான செயலியை ஏற்றியும் கொடுத்தார். வன்னியராஜ் முகம் மழித்துக்கொண்டு, மணிக்கதையை எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

திரையில் நான்கு முகங்கள். நடத்த வேண்டியவர் ஜெஸ்லின், மார்த்தாண்டத்துப் பெண், மனநல ஆலோசகர். வணக்கம் சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் வீட்டில் மின்சாரம் போனது, முகமும் போனது. அந்தச் செயலி எந்தக் கணக்கில் தேர்ந்தெடுத்ததோ, கூட்டத்தை நடத்தும் பொறுப்பு இனி உங்களுடையது என்று வன்னியராஜின் திரையில் ஒரு வரி வந்து நின்றது. மற்ற இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதையாவது பேசியாக வேண்டும். வாயில் வந்தது ரிசப்ஷன் பேச்சுதான். எங்கேயிருந்து வருகிறீர்கள், எத்தனை நாளாக, இப்போது என்ன வேண்டும். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. லாட்ஜில் வருகிறவரிடம் ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் பேசியவர் வாலாம்பாள் மாமி, கரமனை அக்ரஹாரம். பால் பாக்கெட்டைக் கழுவுகிறார், கழுவிய கையைக் கழுவுகிறார், பிறகு குழாயைக் கழுவுகிறார். விரலெல்லாம் தோலுரிந்துவிட்டது. போதும் என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடுவேன், சொல்லத்தான் ஆளில்லை என்றார். அடுத்தவர் தங்கபாண்டி, வள்ளியூர்க்காரர், கட்டட வேலை. கழக்கூட்டம் என்ற இடத்தில் பாதி எழும்பிய கட்டடத்துக்குக் கீழே தகரக் கொட்டகையில் மாட்டிக்கொண்டிருந்தார். வேலை இல்லாமல் உட்கார்ந்தால் மண்டை கிறுகிறுக்கிறது, யாராவது ஒரு வேலை சொன்னால் போதும் என்றார்.

வன்னியராஜ் அந்த வேலையை அங்கேயே கொடுத்தார். தினமும் காலையில் மாமிக்குப் போன் போட்டு, போதும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இருவருக்கும் அது பிடித்துப்போனது. வன்னியராஜ் தன் கதைக்குத் தொண்டையைச் செருமியபோது, இலவசமாகக் கிடைக்கும் நாற்பது நிமிடம் முடிந்து கூட்டம் தானாகவே மூடிக்கொண்டது.

மறுவாரம் ஜெஸ்லின் வந்தார். அதற்குள் கூட்டம் வன்னியராஜுடையது என்று ஆகியிருந்தது. தன் வீட்டில் மின்சாரமும் நெட்வொர்க்கும் நம்பும்படி இல்லாததால், கூட்டத்தை இனி நீங்களே திறந்து வையுங்கள் அண்ணே, நான் கூட இருக்கிறேன் என்று ஜெஸ்லின் போனில் கேட்டுக்கொண்டார். இப்படி நாலைந்து வியாழன் போயிற்று. வன்னியராஜ் மற்றவர்களை வரிசையாகக் கேட்பார். ஜெஸ்லின் ஓரத்தில் இருந்து, மெதுவாக இரண்டொரு கேள்வி கேட்பார். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு சோர்ந்து தெரிவார். மாமி அவரிடம் சாப்பாட்டை விசாரிப்பார். வன்னியராஜின் முறை வருவதற்கு முன் நாற்பது நிமிடம் தீர்ந்துவிடும். மணி மட்டும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அடித்துக்கொண்டிருந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு வியாழன், தங்கபாண்டி இடைமறித்தார்.

"அண்ணாச்சி, எங்க கதையவே கேட்டுக்கிட்டு இருக்கியளே. உங்களுக்கு என்ன வேணும்?"

வன்னியராஜ் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பேச்சில் மலையாளம் கலந்து வந்தது. "எனக்கு ஒரு மணி கேக்குது. பூட்டின ரூம்லேருந்து. அது அடிக்கத்தான் செய்யுதா, என் மண்டைக்குள்ள கேக்குதான்னு அறியல்ல, கேட்டோ. அதை யாராவது சொல்லித் தரணும்."

மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இது எங்களுக்கு வைக்கற பரீட்சையா, டாக்டர்?"

"டாக்டரா? நான் லாட்ஜில ரிசப்ஷன், மாமி."

"அப்போ டாக்டர் யாரு?"

ஜெஸ்லின் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினார். "நான்தான் மாமி. டாக்டர் இல்ல, கவுன்சிலர்."

"நீயா? ராத்திரி ஒழுங்கா சாப்பிடறதில்லேன்னயேன்னு போன வாரம் நோக்கு மொளகு ரசம் வெக்கச் சொல்லிக் குடுத்தேனேடி."

"வச்சேன் மாமி. நல்லா இருந்துச்சு."

தங்கபாண்டி சிரித்துச் சிரித்து இருமினார். தானும் அந்தப் பிள்ளைக்கு அத்தனை வாரமாகத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வன்னியராஜால் சிரிக்க முடியவில்லை. கேள்வி அப்படியே நின்றது. ஜெஸ்லின் அதைக் கவனித்தார். இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு முன்பே எல்லோரும் திரும்ப வாருங்கள், சேர்ந்து கேட்போம் என்றார்.

வந்தார்கள். வன்னியராஜ் போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து, பலகையைப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மூன்று பேரும் ஒரு மரப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு தாண்டியது. வெளியே மழை பிடித்தது. எல்லா நாளும் அடிக்காது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பதினான்கு எரிந்தது, கிர் என்றது, அணைந்தது.

"கேட்டுதா?" என்றார் வன்னியராஜ்.

தங்கபாண்டி, நல்லாவே கேட்டது என்றார். மாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை. தங்கபாண்டி தயவுக்காகச் சொல்கிறார் என்று மாமிக்குச் சந்தேகம். மாமியின் போனே சரியில்லை என்று தங்கபாண்டிக்குச் சந்தேகம். இந்தச் செயலி பேச்சுக்குரல் அல்லாத சத்தத்தை எல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடும் என்று ஜெஸ்லின் சொன்னார். அப்படியானால் தங்கபாண்டிக்கு எப்படிக் கேட்டது என்று மாமி கேட்டார்.

"ஜெஸ்லினு, நீ சொல்லு," என்றார் வன்னியராஜ். "எனக்குக் கிறுக்கா?"

நாற்பது நிமிடம் முடிந்து திரை இருண்டது. அவர் ஜாடிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு போன் அடித்தது.

"எனக்குச் சத்தம் வரல்ல அண்ணே," என்றார் ஜெஸ்லின். "ஆனா லைட்டு எரிஞ்சது. நான் பார்த்தேன். அது ஏன் எரிஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. உங்க மண்டைக்குள்ள எரியல்ல. அதுவரைக்கும் தெரியும்."

மறுநாள் காலை முதலாளி அழைத்தபோது, பதினான்காம் அறை மணியில் ஏதோ கோளாறு இருப்பதாக வன்னியராஜ் சொன்னார். திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. பேச்சு அவ்வளவுதான். அதன் பிறகு மணி அடித்த நாட்களில் வன்னியராஜ் ஜெஸ்லினுக்கு அழைத்து, அடித்தது என்று மட்டும் சொல்வார். ஜெஸ்லின் சரி என்பார். உலகம்மாளுக்கு மட்டும் அது நின்றுபோன மணியாகவே இருந்தது.

ஓணம் முடிந்து லாட்ஜ் திறந்தது. எலக்ட்ரீஷியன் பலகையைக் கழற்றி, மாடியில் சுவிட்சைப் பிரித்து, கம்பியைக் கடைசிவரை பார்த்தார். ஈரமில்லை, பழுதுமில்லை என்றார். அப்படியென்றால் என்ன என்று வன்னியராஜ் கேட்டார். அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று பலகையைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

அன்று மதியம் பதினான்காம் அறைக்கு நாகர்கோவிலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், மூன்று நாளுக்கு. நான்கு மணிக்கு மணி அடித்தது. வன்னியராஜ் ஃப்ளாஸ்க்கில் சுடுதண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.