என்ன சொல்லிக் கூப்பிட்டார்

மேடையில் நாங்கள் உட்கார நான்கு கதிரைகள் மட்டும் கிடந்தன. திரை இல்லை, வேடம் இல்லை, பாட்டும் இல்லை. அப்போது நான் கண்டி நகரசபையில் எழுதுவினைஞன். எங்கள் நாடகக் குழுவை நடத்தியவர் ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். ராஜா கதைகள் போதும், இனி நடந்ததைப் போடுவோம் என்றார். முன்பு கலவர நாளில் கடுகண்ணாவையில் ஒரு துணிக்கடைக்காரரை, முஸ்லிம் என்பதற்காகவே தெருவில் போட்டு அடித்துக் கொன்றார்கள். அவர் குரலைத் தெரு முழுக்கக் கேட்டிருந்தும் வழக்கில் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அந்த வழக்கில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவர் இவர்தான்; இவருக்கு மொழிபெயர்க்க எதுவும் கிடைக்கவில்லை. அது பல வருடங்களாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய் வீடு வீடாகக் கேட்டார். கோர்ட்டில் சொல்லாததை இவரிடம் சொன்னார்கள். அதை ஒரு சொல்லும் மாற்றாமல் நாங்கள் பேசவேண்டும், அதுதான் நாடகம்.

இறந்தவரின் பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை மேடையில் பேச யாரும் முன்வரவில்லை. அந்தக் கடைக்காரர் என் அப்பா என்பதால் நானே ஏற்றேன். "கதவத் தட்டுனாரு. கூப்பிட்டாரு. எம்புள்ளைங்க உள்ள இருந்துச்சு. நான் தொறக்கல." அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன். கடைசி வரிசையில் அப்பா தலைகுனிந்து இருந்தார். முன்வரிசையில், இறந்தவரின் மனைவி தன் தம்பியோடு வந்திருந்தார். முடிந்ததும் யாரும் கைதட்டாமல் கலைந்தார்கள். அந்த அம்மா மட்டும் எனக்காகக் காத்திருந்தார்.

"எல்லாரும் கூப்பிட்டார், கூப்பிட்டார் எண்டு சொல்றீங்க, தம்பி. என்ன சொல்லிக் கூப்பிட்டார்? அதக் கேக்கத்தான் நான் வந்தன்."

அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கடுகண்ணாவைக்குத் திரும்பும் ரயிலில் அவரிடம் கேட்டேன். "எம் பேரச் சொல்லித்தான்டா," என்றார். அந்தம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார்.

கடுகண்ணாவைத் தெருக்காரர்கள் மேலிடத்தில் போய்ப் பேசியதில், நாடகத்தை இரண்டாம் முறை போட மண்டபம் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளரையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். புறப்படுமுன், எல்லாரும் சொன்னதை எழுதி வைத்த கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் அப்பா சொன்னதில் ஏதாவது விடுபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த அம்மாவின் தம்பி பதில் கேட்டு இருமுறை என் நகரசபைக் கந்தோருக்கு வந்தார். முதல்முறை அப்பாவுக்குச் சுகமில்லை என்றேன். அடுத்தமுறை அவருக்கு ஞாபகமில்லை என்றேன். சரி என்று போனார். பிறகு வரவேயில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. யாரிடமாவது சொல்லலாம் என்று இருக்கிறது. ஆனால் கேட்டவர் அந்த அம்மா ஒருவர்தான்.