அத மட்டும் சொல்லுங்க

என் அக்கா பிரசவ வார்டில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான தேர்வில் ஆங்கில வாசிப்புப் பகுதி இரண்டு முறை அவள் காலை வாரிவிட்டது. நோயாளியின் குறிப்பை ஒரு வரி விடாமல் படித்துப் பழகியவள், அங்கேயும் பத்தி முழுவதையும் நிதானமாகப் படித்து நேரத்தைக் கோட்டைவிட்டாள். "முதல்ல கேள்வியப் படிம்மா. பதில் இருக்கிற வரிய மட்டும் தேடு. மத்ததெல்லாம் உனக்கு வேண்டாத கதை" என்றார் பயிற்சி வகுப்பு ஆசிரியர்.

அந்தப் பாழாய்ப்போன பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அத்தான் பஸ் டிரைவர். சாப்பிட உட்கார்ந்தால், காலையில் வண்டியை எடுத்ததில் ஆரம்பித்து, ஊரெல்லாம் சுற்றித்தான் விஷயத்துக்கு வருவார். அக்கா பயிற்சித் தாளிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டாள். "சுத்தி வளைக்காதீங்க. விஷயம் என்ன? அத மட்டும் சொல்லுங்க."

அவரும் சுருக்கிப் பேசக் கற்றுக்கொண்டார். சுருக்கிச் சுருக்கி, கடைசியில் பேச்சே நின்றுபோனது.

மூன்றாம் முறை எழுதிய தேர்வின் முடிவு வந்த அன்று அக்கா துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "காலையில வார்டுல நிக்கிறேங்க, கையில அப்பத்தான் பிறந்த குழந்தை, போன் அடிக்குது..."

அத்தான் தட்டிலிருந்து நிமிரவில்லை. குரலில் துளிக் கோபமும் இல்லை. "பாஸா, ஃபெயிலா? அத மட்டும் சொல்லு."

"பாஸ்" என்றாள் அக்கா.